அமெரிக்காவில் மூன்றாவது கட்சி ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஏன் எப்போதும் இரண்டே கட்சிகள்? இதை யார் வகுத்தார்கள்? மூன்றாவதாக ஒரு கட்சி ஏன் தலையெடுக்க முடியவில்லை? அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி, தெற்கு மாநில வெள்ளையர்களின் கட்சியாக மாறியது எப்படி?

எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவில் புதுக் கட்சி தொடங்கி ஜெயிப்பதைவிட, இருக்கிற கட்சிக்குள் புகுந்து அதைக் கைப்பற்றுவது எளிது. தேர்தல் விதிகள் அப்படி அமைந்துவிட்டன. அதனால் கட்சிகளின் பெயர் நிற்கிறது, உள்ளிருக்கும் ஆட்களும் கொள்கையும் மாறிக்கொண்டே போகிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும்.

முதலில் ஒன்று. இதை யாரும் திட்டமிட்டு வகுக்கவில்லை. 1787இல் பிலடெல்பியாவில் கூடி எழுதிய அரசியல் சாசனத்தில் கட்சிகளைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. எழுதியவர்களுக்குக் கட்சி என்றாலே ஆகாது. நாடு பரந்து கிடந்தால் எந்தக் கோஷ்டியும் தனியாகப் பெரும்பான்மை பெற்று மற்றவர்களை நசுக்க முடியாது என்று ஜேம்ஸ் மேடிசன் அப்போது எழுதினார். வேடிக்கை என்னவென்றால், நான்கைந்து ஆண்டுகளுக்குள் அதே மேடிசன் தாமஸ் ஜெஃபர்சனோடு சேர்ந்து நாட்டின் முதல் எதிர்க்கட்சியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை முதல் அதிபர் வாஷிங்டனின் அமைச்சரவைக்குள்ளேயே தொடங்கியது. நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் மாநிலங்களின் போர்க் கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும், தேசிய வங்கி ஒன்று வேண்டும் என்றார். 1791இல் வங்கி வந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனுக்கு இது பணக்கார வணிகர்களின் ஆட்சியாகப் பட்டது. பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடுவதா, பிரிட்டனோடு சமாதானமாகப் போவதா என்ற தகராறும் சேர்ந்துகொண்டது. ஹாமில்டன் பக்கத்தவர் ஃபெடரலிஸ்டுகள். ஜெஃபர்சன் பக்கத்தவரை இன்று ஜனநாயகக் குடியரசுவாதிகள் என்று குறிப்பிடுகிறார்கள். (இன்றைய குடியரசுக் கட்சிக்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.) வாஷிங்டன் 1796இல் விடைபெறும்போது கட்சி வெறியைக் கடுமையாக எச்சரித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்சிகளே இல்லாத நாட்டுக்காக எழுதிய விதி, கட்சிகள் வந்ததும் எப்படி முறிந்தது என்பதற்கு 1800 தேர்தல் நல்ல உதாரணம். அமெரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்கு. அதிகம் பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். இந்த விதியால் 1796இலேயே ஃபெடரலிஸ்டான ஜான் ஆடம்ஸ் அதிபராகவும், அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் துணை அதிபராகவும் வந்தார்கள். 1800இல் ஜெஃபர்சன் அணித் தேர்வாளர்கள் கட்டுப்பாடாக ஜெஃபர்சனுக்கு ஒன்று, துணை அதிபராக நினைத்த ஆரன் பர்ருக்கு ஒன்று என்று போட்டார்கள். இருவருக்கும் 73 வாக்கு. சமநிலை! முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. பர் விட்டுக்கொடுக்கவில்லை. 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகுதான், 1801 பிப்ரவரியில், ஜெஃபர்சன் தேர்வானார். பர்ரைவிட ஜெஃபர்சன் மேல் என்று தன் கட்சிக்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், ஜெஃபர்சனின் பரம எதிரி ஹாமில்டன். 1804இல் பர் ஹாமில்டனைத் துப்பாக்கி ஒண்டிச் சண்டையில் கொன்றது வேறு கதை. அதே ஆண்டு நிறைவேறிய 12ஆவது சட்டத்திருத்தம் அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி வாக்கு என்று ஆக்கியது. கட்சி என்ற பெயரைச் சொல்லாமலே சாசனம் கட்சிகளை ஏற்றுக்கொண்டது அங்கேதான்.

ஃபெடரலிஸ்டுகள் பிரிட்டனோடு நடந்த 1812 போரை எதிர்த்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டு மெல்ல மறைந்தார்கள். 1820இல் ஜேம்ஸ் மன்றோவை எதிர்க்க ஆளில்லை. ஒரே ஒரு தேர்வாளர் தவிர எல்லாரும் அவருக்கே போட்டார்கள். இரண்டு கட்சி என்பது அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஊறியது என்று சொல்பவர்களிடம் இந்தக் காலத்தைக் காட்டலாம். அப்போது நாட்டில் தேசிய அளவில் ஒரே கட்சிதான்.

அந்த ஒரே கட்சிக்குள்ளிருந்து 1824இல் நான்கு பேர் அதிபர் பதவிக்கு நின்றார்கள். இந்தத் தேர்தலைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. ஜெயிக்க 131 வேண்டும். முதலில் வந்தால் மட்டும் போதாது, மொத்தத் தேர்வாளர் வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது சாசன விதி. கிடைக்காவிட்டால் முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அங்கே தலைக்கு ஒரு வாக்கு அல்ல, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நான்காவதாக வந்த கிளே அந்தச் சபையின் தலைவர். அவர் ஆடம்ஸை ஆதரித்தார், ஆடம்ஸ் அதிபரானார், கிளே வெளியுறவு அமைச்சரானார். பேரம் பேசி ஆட்சியைத் திருடிவிட்டார்கள் என்று ஜாக்சன் ஆட்கள் நான்கு ஆண்டு ஓயாமல் முழங்கினார்கள்.

இதிலிருந்து பாடம் படித்தவர் நியூயார்க் செனட்டர் மார்ட்டின் வான் பியூரன். தேர்தலுக்குப் பிறகு பேரம் பேசினால் அசிங்கம், அதனால் தேர்தலுக்கு முன்பே பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெற்கின் தோட்ட முதலாளிகளையும் வடக்கின் சாதாரண வாக்காளர்களையும் ஒரே கட்சியில் கட்ட வேண்டும் என்று 1827இல் ஒரு வர்ஜீனியா பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஜாக்சன் ஜெயித்தார். அந்தக் கூட்டுதான் ஜனநாயகக் கட்சி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார் என்ற முறையால்தான் இரண்டு கட்சி வருகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. இந்தியாவிலும் கனடாவிலும் அதே முறைதான், அங்கே கட்சிகளுக்குப் பஞ்சமில்லை. வித்தியாசம் பிரதமர் முறையில் இருக்கிறது. பத்து எம்.பி. வைத்திருக்கும் கட்சி ஆட்சியைத் தாங்கலாம், கவிழ்க்கலாம், மந்திரி பதவி கேட்கலாம். அமெரிக்காவில் ஆட்சி என்பது ஒரே ஆள், ஒரே பதவி. அதைப் பங்கு போட முடியாது. தேர்வாளர் வாக்கிலும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் மொத்தத்தையும் முதலில் வந்தவருக்கே கொடுத்துவிடுகின்றன. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் விதிவிலக்கு. இன்றைய கணக்கில் 538இல் 270. பத்து சதவீத வாக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மற்ற நாடுகளில் தேர்தலுக்குப் பின் அமையும் கூட்டணி அமெரிக்காவில் தேர்தலுக்கு முன்பே அமைகிறது, அதற்குக் கட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வான் பியூரனின் கூட்டுக்கு ஒரு விலை இருந்தது. வடக்கையும் தெற்கையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டுமென்றால் அடிமை முறையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. 1836 முதல் 1844 வரை, அடிமை ஒழிப்பு மனுக்களை விவாதிக்கவே கூடாது என்று பிரதிநிதிகள் சபை விதி வைத்திருந்தது. ஜாக்சனின் எதிரிகள் கூடி அமைத்த விக் கட்சிக்கும் இதே கதிதான். அவர்களுக்கும் இரு பக்கமும் ஆள் உண்டு. விக் கட்சி இரண்டு முறை அதிபர் தேர்தலில் ஜெயித்தது, இரண்டு முறையும் போர்த் தளபதியை நிறுத்தி. 1840இல் ஹாரிசன், 1848இல் டெய்லர். இருவரும் பதவியிலேயே இறந்தார்கள். ராசியில்லாத கட்சி.

1854இல் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டுவந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் எல்லாவற்றையும் உடைத்தது. மேற்கே புதிய பிரதேசங்களில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும் என்றது அது. இதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1820இன் சமரசம் போட்ட எல்லைக் கோடு அழிந்தது. வடக்கில் கொதித்துப்போனார்கள். விஸ்கான்சினில் ரிப்பன், மிச்சிகனில் ஜாக்சன் ஆகிய ஊர்களில் கூடியவர்கள் குடியரசுக் கட்சி என்று பெயர் வைத்தார்கள். ஆறே ஆண்டில் அந்தக் கட்சி வெள்ளை மாளிகைக்குப் போனது.

மூன்றாவது கட்சி ஜெயித்ததற்கு ஒரே உதாரணமாக இதைச் சொல்வார்கள். நான் ஒரு திருத்தம் சொல்வேன். குடியரசுக் கட்சி மூன்றாவதாக நின்று ஜெயிக்கவில்லை. விக் கட்சி செத்து இரண்டாவது இடம் காலியாக இருந்தது, அதில் போய் உட்கார்ந்தது. அந்த இடத்துக்குப் போட்டியிட்ட இன்னொரு கட்சியும் இருந்தது: கத்தோலிக்கக் குடியேறிகளை எதிர்த்த அமெரிக்கன் கட்சி. 1856இல் அதற்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது. தேர்வாளர் வாக்கு வெறும் 8.

1860இல் லிங்கன் வாங்கியது சுமார் 40 சதவீத வாக்குதான். தெற்கின் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே இல்லை. தடை போட்டதால் அல்ல. அந்தக் காலத்தில் அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சடிக்காது. கட்சிகள்தான் தங்கள் வேட்பாளர் பெயரை அச்சடித்துக் கொடுக்கும், வாக்காளர் அதை வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். தெற்கில் குடியரசுக் கட்சிச் சீட்டை விநியோகிக்கத் துணிந்த ஆள் இல்லை. இந்த வாக்குச்சீட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் பின்னால் கதவு மூடியது அதனால்தான்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1876 தேர்தல் தகராறுக்குப் பிறகு மத்தியப் படைகள் தெற்கு மாநில ஆட்சிகளுக்குக் காவல் நிற்பதை 1877இல் நிறுத்திக்கொண்டன. அதன் பின் வாக்கு வரி, எழுத்தறிவுச் சோதனை, கட்சி வேட்பாளரை முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தெற்கு பறித்தது. அங்கே ஜனநாயகக் கட்சி மட்டுமே. வடக்கில் பல மாநிலங்களில் குடியரசுக் கட்சியின் ஆதிக்கம். ஆக, நாட்டுக்கு இரண்டு கட்சி என்றாலும் பல அமெரிக்கர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கண்ணெதிரே இருந்தது ஒரு கட்சிதான். தெற்கில் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் போதும், பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

இப்போது வாக்குச்சீட்டு. 1888 முதல் மாநிலங்கள் ஆஸ்திரேலிய முறைக்கு மாறின. அரசாங்கமே எல்லா வேட்பாளர் பெயரையும் ஒரே சீட்டில் அச்சடித்து ரகசியமாகக் குத்தச் சொல்வது. நல்ல சீர்திருத்தம்தான், லஞ்சமும் மிரட்டலும் குறைந்தன. ஆனால் யார் பெயர் சீட்டில் வரலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாநில சட்டமன்றத்துக்குப் போனது. அங்கே இருப்பவர்கள் யார்? அதே இரண்டு கட்சிக்காரர்கள். இவ்வளவு கையெழுத்து வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று விதிகள் முளைத்தன. ஐம்பது மாநிலத்துக்கும் இன்று தனித்தனி விதி.

அதற்கு முன் சிறு கட்சிகளுக்கு ஒரு வழி இருந்தது: பெரிய கட்சியின் வேட்பாளரையே தானும் நிறுத்துவது. மேற்கு, தெற்கு விவசாயிகளின் மக்கள் கட்சி இப்படித்தான் வளர்ந்தது. 1892இல் அதன் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கும் 22 தேர்வாளர் வாக்கும் வாங்கினார். படிநிலை வருமான வரி, செனட்டர்களுக்கு நேரடித் தேர்தல் என்று கேட்டார்கள். 1896இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் 36 வயது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் எழுந்து தங்க நாணய முறைக்கு எதிராக ஒரு பேச்சுப் பேசி, மக்கள் கட்சியின் முக்கியக் கோரிக்கையான, பணப்புழக்கத்தைக் கூட்டும் வெள்ளி நாணயத்தையே தன் கட்சிக்குள் கொண்டுவந்துவிட்டார். மக்கள் கட்சி வேறு வழியில்லாமல் அவரையே வேட்பாளராக ஏற்றது. பிரையன் தோற்றார், மக்கள் கட்சி கரைந்தது. 1913இல் வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் சாசனத் திருத்தங்களாக வந்தபோது அந்தக் கட்சி இல்லை. பிறகு பல மாநிலங்கள் ஒரே வேட்பாளரை இரு கட்சிகள் நிறுத்துவதைத் தடை செய்தன. நியூயார்க்கில் அப்படி நிறுத்தும் வழக்கம் இன்றும் உண்டு. 1997இல் மினசோட்டாவின் தடையை உச்ச நீதிமன்றம் ஆதரித்தது, இரு கட்சி முறையின் நிலைத்தன்மையைக் காப்பதில் மாநிலத்துக்கு அக்கறை இருக்கலாம் என்று சொல்லி. சாசனத்தில் இல்லாத கட்சிகளுக்கு இப்படியொரு பாதுகாப்பு!

உள்ளூரில் மூன்றாவது கட்சிகள் நன்றாகவே ஆண்டிருக்கின்றன. மில்வாக்கி நகரத்துக்கு 1910க்கும் 1960க்கும் இடையில் மூன்று சோஷலிஸ்ட் மேயர்கள். மினசோட்டாவில் விவசாய-தொழிலாளர் கட்சி 1930களில் ஆளுநர் பதவியைப் பிடித்தது. 1944இல் ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. அந்த மாநிலத்தில் இன்றும் கட்சியின் பெயர் ஜனநாயக-விவசாய-தொழிலாளர் கட்சிதான்.

1912இல் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்டே தனிக் கட்சி தொடங்கிப் பார்த்தார். உட்கட்சித் தேர்தல்கள் நடந்த மாநிலங்களில் பெரும்பாலும் அவர்தான் ஜெயித்திருந்தார், ஆனால் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டைக் கையில் வைத்திருந்த நிர்வாகிகள் அன்றைய அதிபர் டாஃப்டுக்கே வாய்ப்புக் கொடுத்தார்கள். கோபத்தில் வெளியேறி நின்று 27 சதவீத வாக்கும் 88 தேர்வாளர் வாக்கும் பெற்றார். மூன்றாவது கட்சி வேட்பாளர் ஒருவர் இதுவரை எட்டிய உச்சம் இது. பலன்? குடியரசுக் கட்சி வாக்கு இரண்டாகப் பிளந்து, 42 சதவீதத்தில் வுட்ரோ வில்சன் 435 தேர்வாளர் வாக்கை அள்ளிப் போனார்.

சரி, லிங்கனின் கட்சிக்கு வருவோம். விடுதலை கொடுத்த கட்சி என்று கறுப்பின மக்கள் பல காலம் குடியரசுக் கட்சிக்கே போட்டார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் ஜனநாயகக் கட்சி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேலையும் நிவாரணமும் கொடுத்தார். கறுப்பினத்தவருக்குச் சமமாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது, ஆனால் கிடைத்தது. 1936இல் அவர்களில் பெரும்பான்மையினர் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார்கள். இப்போது அந்தக் கட்சிக்குள் வடக்கின் கறுப்பினத் தொழிலாளியும், அவரை வாக்களிக்க விடாத தெற்கின் வெள்ளைச் செனட்டரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நாள் தாங்கும்?

1948 மாநாட்டில் மினியாபொலிஸ் மேயர் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி சிவில் உரிமைத் தீர்மானத்துக்காக வாதாடினார். நிறைவேறியது. தெற்குப் பிரதிநிதிகளில் ஒரு பகுதி வெளிநடப்புச் செய்து, சவுத் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டைத் தனியாக நிறுத்தினார்கள். அதே தேர்தலில் இடது பக்கத்திலிருந்து முன்னாள் துணை அதிபர் ஹென்றி வாலஸும் தனியாக நின்றார். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வாக்கு, தலா 2.4 சதவீதம். தர்மண்டுக்கு 39 தேர்வாளர் வாக்கு, வாலஸுக்குப் பூஜ்யம். ஒருவருடைய வாக்கு நான்கு மாநிலங்களில் குவிந்திருந்தது, மற்றவருடையது நாடெங்கும் சிதறியிருந்தது, அவ்வளவுதான். இந்த முறை எந்த மூன்றாவது கட்சிக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதற்கு இதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது.

1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு செனட்டில் குடியரசுக் கட்சியினர் 27 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியில் 46 ஆதரவு, 21 எதிர்ப்பு. விகிதத்தில் குடியரசுக் கட்சியே அதிகமாக ஆதரித்தது. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் பாரி கோல்ட்வாட்டர். அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரும் அவரே. கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சன் ஜனநாயகக் கட்சிக்காரர். வாக்காளர்கள் பார்த்தது இந்த இருவரைத்தான். கோல்ட்வாட்டர் நாடு முழுவதும் படுதோல்வி அடைந்தார், ஆனால் தன் சொந்த அரிசோனாவோடு தெற்கின் அடிமடியான ஐந்து மாநிலங்களை ஜெயித்தார். மிசிசிப்பியைப் பாருங்கள்: 1936இல் ரூஸ்வெல்டுக்கு 97 சதவீதம், 1964இல் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம். தர்மண்டும் அந்த ஆண்டே குடியரசுக் கட்சிக்குத் தாவினார்.

ஒரே இரவில் மாறியது என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1968இல் இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் தனிக் கட்சியில் நின்று 46 தேர்வாளர் வாக்கு வாங்கினார், குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்சனின் ஆட்கள் அந்த வாக்குகளைக் குறிவைத்து வேலை செய்தார்கள். 1976இலும் ஜார்ஜியாக்காரர் ஜிம்மி கார்ட்டர் வர்ஜீனியா தவிரத் தெற்கு முழுவதையும் ஜனநாயகக் கட்சிக்கு வாங்கித் தந்தார். தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைத்தது 1994இல்தான். முப்பது ஆண்டு. பழைய செனட்டர்கள் ஓய்வு பெற்று, அவர்கள் இடத்துக்குப் புதுக் கட்சி ஆள் வந்து, மெல்ல நடந்த மாற்றம் அது.

இன்றைய நிலைக்கு வித்திட்டது 1968இல் நடந்த இன்னொரு விஷயம். அந்த ஆண்டு ஹம்ஃப்ரி ஒரு உட்கட்சித் தேர்தலில் கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் கலவரம். பிறகு விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது நடைமுறையில் சாதாரண வாக்காளர்கள், கட்சி நிர்வாகிகள் அல்ல. குடியரசுக் கட்சியும் அதே வழியில் போனது. வேறு பெரும்பாலான ஜனநாயகங்களில் கட்சித் தலைமைதான் வேட்பாளரை முடிவு செய்யும், பிடிக்காதவர் தனிக் கட்சி தொடங்குவார். இங்கே அந்த அவசியமே இல்லாமல் போனது.

பாருங்கள், 1992இல் கோடீஸ்வரர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று 19 சதவீத வாக்கு வாங்கினார். ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர். தேர்வாளர் வாக்கு ஒன்று கூட இல்லை. 2000இல் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் ஃபுளோரிடாவில் 97 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வாங்கினார், அங்கே ஜனநாயகக் கட்சியின் அல் கோரைக் குடியரசுக் கட்சியின் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. அதற்கப்புறம் மூன்றாவது கட்சி என்றாலே வாக்கைப் பிரிப்பவன் என்ற வசவு ஒட்டிக்கொண்டது. 2000 தேர்தலுக்கு முன் பெரோ உருவாக்கிய சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளராகும் முயற்சியில் இறங்கி, சில மாதங்களில் விலகிக்கொண்டவர் ஒருவர் உண்டு. டொனால்ட் டிரம்ப். 2016இல் அவர் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றார். பெரும்பாலான தலைவர்கள் எதிர்த்தார்கள், பாதிக்குக் குறைவான வாக்குதான் கிடைத்தது, ஆனால் எதிராளிகள் பலர், கட்சி அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு வெர்மான்ட்டின் சுயேச்சை செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்று ஒரு கோடிக்கு மேல் வாக்கு வாங்கினார். தனிக் கட்சியில் நின்றிருந்தால் இருவரையும் இன்று யார் பேசப்போகிறார்கள்?

மூன்றாவது கட்சிக்கு வழி பிறக்குமா என்றால், விதி மாறினால்தான் உண்டு. வாக்காளர் தன் விருப்பத்தை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை மெய்னில் 2018 முதலும் அலாஸ்காவில் 2022 முதலும் நடக்கிறது. கடைசியில் வந்தவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவதால், சிறு கட்சிக்குப் போட்ட வாக்கு வீணாகாது. 2024 நவம்பரில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, ஓரிகன் மாநிலங்களில் இதைக் கொண்டுவர வாக்கெடுப்பு நடந்தது. நான்கிலும் தோற்றது. அலாஸ்காவில் இருப்பதையும் எடுத்துவிடலாமா என்று அதே நாளில் கேட்டார்கள். சில நூறு வாக்கு வித்தியாசத்தில் தப்பியது.